தடுப்பின் முனை

2022 செப்டம்பர் 4 அன்று, பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் பக்கச்சுவரில் கார் ஒன்று மோதியது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உட்பட இருவர் இறந்தனர். பின்னிருக்கையில் இருந்த அவ்விருவரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை. நாடெங்கும் பேச்சு பட்டையைப் பற்றியே எழுந்தது. வண்டிகள் ஆற்றில் விழாமல் காக்க எழுப்பிய சுவரே உயிர்பறித்தது பின்னுக்குப் போயிற்று. அவ்வாண்டு இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர்.

சாலையோரத் தடுப்பும் ஓர் இடர்ப்பொருளே. அதில் மோதுவதைவிட அதற்கு அப்பால் உள்ளதில் மோதுவது கொடிதாயின் மட்டுமே அதை நிறுவுதல் தகும். பக்கவாட்டில் உரசும் வண்டியை எஃகுத் தகடு வளைந்து தாங்கி, சாலையின் போக்கிலேயே திருப்பிவிடும். வெறுமனே விடப்பட்ட முனையில் நேராக மோதினாலோ அதே தகடு ஈட்டியாகும். எனவே பாலத்தை நெருங்குகையில் தூண்களை நெருக்கி ஊன்றி, தகட்டைப் படிப்படியாக விறைப்பாக்கிச் சுவருடன் பிணைக்க வேண்டும்.

மீட்டர் கணக்கில் செலவிடும்போது இம்முனை வெறும் சில மீட்டர்தான். அதை விட்டால் மிஞ்சுவது சிறு தொகை; இழப்பதோ தடுப்பின் நோக்கத்தையே. பட்டை அணியாதது பயணியின் பிழை. பிழை செய்தவரையும் உயிரோடு மீட்பதற்கே தடுப்பு.