ஆண்டுகொள்ளச் சொன்னது எதற்கு?

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்வேலிப் பக்கம் பையன்களின் கூச்சல் கேட்டது. சண்டையாக்கும் என்று எழுந்து ஓடினேன். சண்டையில்லை. நடுவே ஓர் ஆந்தைக் குஞ்சு கிடந்தது. வெள்ளை முகம், உடம்பெல்லாம் பஞ்சு போன்ற தூவி. அதன் ஒரு காலில் நைலான் கயிற்றைக் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கற்கள்.

"என்னடா அநியாயம் இது? யார் கட்டினது?" என்று அதட்டினேன்.

"சார், இது சாவுக்குருவி சார். ராத்திரி எங்க லயத்துக் கூரையில உக்காந்து கத்துச்சு. மறுநாளே பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றான் ஒருவன்.

அவனுக்குப் பதில் சொல்வது எளிது. அடுத்தவன் சொன்னதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிற்றாலயத்தில் என்னிடம் வேதபாடம் படிக்கிறவன். "மீனு, பறவை, மிருகம் எல்லாத்தையும் ஆண்டுக்கச் சொல்லி கடவுள் மனுசனுக்கு அதிகாரம் குடுத்துட்டாருன்னு நீங்கதான சார் போன ஞாயிறு சொன்னீங்க?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

கயிற்றை அறுத்துக் குஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்று முழுதும் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை. என் பாடம்தான் அந்தக் கயிறாக மாறிவிட்டதோ என்ற எண்ணம் நெஞ்சை அரித்தது.

வாசக அன்பர்களே, இந்த ஏட்டைப் படிக்கும் தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதை நான் அறிவேன். கிறிஸ்தவர்களின் வேதத்தில் இருக்கும் ஒரு வசனம் நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். மாடு, கோழி, நாய் இல்லாத லயம் உண்டா? வாயில்லாத உயிர்மேல் நமக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி எல்லார் வீட்டு வாசலிலும் கட்டிக் கிடக்கிறது.

அன்றிரவு என் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். வெட்டிய குலைகளை வெளிக்காட்டிலிருந்து சாலையோரம் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. செவலை என்று ஒரு காளை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. லாரி வரும் நேரம். குலை போய்ச் சேராவிட்டால் அன்றையக் கூலி போய்விடும். மண்டோர் வந்து நின்று, பிள்ளை பார்க்கிறானே என்றுகூட எண்ணாமல், அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மண்டோரின் மோட்டார் சைக்கிள் மறைந்ததும் பிரம்பை எடுத்துச் செவலையை அடித்தார், அடித்தார், அப்படி அடித்தார். அது முன்னங்கால் மடங்கி விழுந்தது.

இரவு நான் தேடிப் போனபோது அப்பா தொழுவத்தில் இருந்தார். அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு, செவலையின் முதுகில் இருந்த தழும்புகளுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "என்னை மண்டோர் வெரட்டுனாரு. நான் இதை வெரட்டுனேன். இது யாரைடா வெரட்டும்?"

எழுத்துக் கூட்டித்தான் வேதம் படிக்கத் தெரியும் அவருக்கு. ஆனாலும் அதிகாரம் என்பது என்ன என்று அவர் அன்று கேட்ட கேள்விக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வேதம் என்ன சொல்கிறது என்று மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் அந்த வசனம் இருப்பது உண்மை. மனிதன் பூமியைக் கீழ்ப்படுத்தி, நீரிலும் வானிலும் நிலத்திலும் உள்ள உயிர்களை ஆளவேண்டும் என்று இறைவன் ஆசீர்வதிக்கிறார். எபிரேய மூலத்தில் ஆளுவதற்கு ராதா என்றும், கீழ்ப்படுத்துவதற்குக் காபாஷ் என்றும் சொற்கள் வருகின்றன. இவை மென்மையான சொற்கள் அல்ல. அரசர்கள் ஆள்வதற்கும், ஒரு நாட்டை அடக்குவதற்கும் வழங்கும் சொற்கள். இதை மூடி மறைத்துப் பயனில்லை.

1967ஆம் ஆண்டு லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், இயற்கை இவ்வளவு பாழானதற்கு மேலைநாட்டுக் கிறிஸ்தவம் பெரும் பொறுப்பேற்க வேண்டும் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் கிறிஸ்தவத்துக்குப் பகைவர் அல்லர். ஒரு பாதிரியாரின் மகன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தோட்டத்தில் அன்று கயிற்றைப் பிடித்திருந்த கை, என் மாணவன் கைதானே?

ஆனால் ஒரு வசனத்தோடு ஏட்டை மூடிவிடுகிறவன் அந்த வேதத்தைப் படித்தவன் ஆகமாட்டான். அதே அதிகாரத்தில், அடுத்த வசனத்திலேயே, மனிதனுக்கு உணவாக விதை தரும் பயிர்களும் கனிமரங்களும் மட்டுமே கொடுக்கப்படுகின்றன. இறைச்சி உண்ணும் அனுமதி, நோவாவின் வெள்ளத்துக்குப் பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆளச் சொன்ன அன்று கொல்லச் சொல்லவில்லை என்பது இதனால் விளங்கும். இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தால், மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த காரணம் கூறப்படுகிறது: அதைப் பண்படுத்துவதற்கு, காப்பதற்கு. பண்படுத்துவது என்று தமிழில் வரும் இடத்தில் எபிரேயச் சொல்லுக்கு ஊழியம் செய்வது என்றும் பொருள் உண்டு.

நாமும் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டம் யாருடையது என்று நமக்குத் தெரியும். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், நிலத்தை நிரந்தரமாக விற்கக்கூடாது, அது இறைவனுடையது, மக்கள் அதில் தங்கியிருப்பவர்களே என்று ஒரு சட்டம் இருக்கிறது. லயத்து வீட்டில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு வெளியேறியவர்களுக்கு, சொந்தக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 25ஆம் அதிகாரத்தில்தான் என்னை உலுக்கிய இன்னொன்றும் இருக்கிறது. வறுமையால் உன்னிடம் வேலைக்கு வந்த சகோதரனைக் கொடுமையாக ஆளக்கூடாது என்று அங்கே கட்டளை. அந்த 'ஆளுதலுக்கும்' எபிரேயத்தில் அதே ராதா என்ற சொல்தான்! விலங்கை ஆளச் சொன்ன சொல்லும், தொழிலாளியைக் கொடுமையாய் ஆளாதே என்ற சொல்லும் ஒன்று. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திலும் அச்சொல் வருகிறது. மந்தையின் நலிந்ததைத் தேற்றாமல், எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போடாமல், பலவந்தத்தால் ஆண்ட மேய்ப்பர்களிடம் இறைவன் கணக்குக் கேட்கிறார். மண்டோரும் அப்பாவும் செவலையும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள்.

அந்த அதிகாரத்துக்கு எல்லைகளும் உண்டு. ஏழாம் நாள் ஓய்வு மனிதனுக்கு மட்டுமன்று, மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது. பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் கண்டும் காணாமல் போகக்கூடாது. கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைக் கண்டால் தாயைப் பிடிக்கக்கூடாது. குஞ்சுகளை எடுத்தாலும் தாயைப் போகவிட வேண்டும். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் இந்தச் சிறிய கட்டளைக்கு, நலமும் நீண்ட வாழ்நாளும் பலனாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தாய் தந்தையரை மதிக்கிறவனுக்குச் சொல்லப்பட்ட பலனும் அதுவே.

எனக்கு இடறுகிற இடங்களும் உள்ளன. பலிபீடங்களில் ஆடுமாடுகள் வெட்டப்பட்டன. ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்ட கதை மாற்கு எழுதிய நூலில் இருக்கிறது. மாட்டின் வாயைக் கட்டாதே என்ற சட்டத்தைப் பவுல் எடுத்தாளும்போது, கடவுள் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்டுவிட்டு, அதை ஊழியர்களின் கூலிக்குப் பொருத்துகிறார். நானும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி உண்கிறவன்தான். ஆகவே மனிதனும் விலங்கும் ஒன்று என்று வேதம் சொல்வதாக நான் வாதாடவில்லை. மனிதனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது கணக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரம்.

இதை உணர்ந்து நடந்த கிறிஸ்தவர்களும் உண்டு. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க 1824ஆம் ஆண்டு லண்டனில் தோன்றிய சங்கத்துக்கு முன்னின்றவர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் போனார். 2015இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் எழுதிய 'லௌதாத்தோ சி' என்ற சுற்றுமடல், பிற உயிர்கள்மேல் மனிதனுக்கு முழு ஆதிக்கம் உண்டு என்ற எண்ணத்தை வெளிப்படையாகவே மறுத்தது.

கணக்குக் கொடுக்காத ஆட்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் தூர தேசம் போக வேண்டாம். என் தாயார் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்தவர். பாராகுவாட் என்ற அந்த மருந்து பட்டுப் பட்டு அவர் விரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. புல்லைக் கீழ்ப்படுத்தப் போன விஷம், அடித்த கைக்கே திரும்பிவந்தது. நம் நாட்டில் அந்த மருந்து 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எலிகளுக்கு வைத்த விஷமும் அப்படித்தான். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தைகளும் மடிந்தன. பிறகுதான் 1980களிலிருந்து பல தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி வைத்து, ஆந்தைகளை வரவழைக்கலானார்கள். நாம் சாவுக்குருவி என்று கல்லெறியும் பறவைதான், இரவெல்லாம் விழித்திருந்து நம் குலைகளை எலியிடமிருந்து காக்கிறது.

அந்தக் குஞ்சையும் வெளிக்காட்டு மண்டோர் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பெட்டியில் விட்டார். அவர் நல்ல மனிதர். கயிறு இறுகியிருந்த காலைத் தடவிப் பார்த்து, "முறியல சார், பொழச்சுக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் முன்னால் நின்று, போன வாரம் பாடத்தைப் பாதியோடு நிறுத்தியது என் தவறு என்று சொன்னேன். ஆசிரியன் தன் தவறைச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்பார்கள். குறையவில்லை.

"கடவுள் நமக்கு மண்டோர் வேலை கொடுத்திருக்கிறார், தம்பி. தோட்டத்தை நம் பேருக்கு எழுதிக் கொடுக்கவில்லை" என்றேன்.

கயிற்றைப் பிடித்திருந்த அந்தப் பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப மண்டோரு கெட்டவரா இருந்தா, சார்?" என்று கேட்டான்.

நான் அவனுக்குச் செவலையின் கதையைச் சொன்னேன். அப்பா அழுதாரா என்று கேட்டான். அழுதார் என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் காலை வணக்கக் கூட்டத்துக்கு வரிசை நிற்கும்போது அவன் என்னிடம் ஓடிவந்தான். "சார், நேத்து இருட்டுற நேரம் எங்கப்பாவோட போயி தூரத்துல நின்னு பாத்தேன். தாய் ஆந்தை எலியைக் கவ்விட்டு வந்து பெட்டிக்குள்ள குடுத்துச்சு சார்!"

அவன் பாட்டியும் நலமாக வீடு திரும்பிவிட்டாளா என்று கேட்டேன். "அது இவன் பாட்டி இல்ல சார், என் பாட்டி" என்றான் பக்கத்தில் நின்றவன். "வந்துட்டாங்க. ஆந்தையை அடிக்கக் கூடாதுன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு நாயின் மேல் கல்லை ஓங்கும்போது, கோழிக்குஞ்சின் காலில் நூலைக் கட்டும்போது, விளையாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அவன் கீழே வேலை செய்யப் போகும் மனிதர்களுக்காகவும்தான் சொல்கிறேன்.