சைகை

ஆட்டக்காரனின் பெருமையை எண்ணிக்கையால் அளப்பது உலக வழக்கம். மோஸஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரை அப்படி அளந்தால் ஏமாந்து போவோம். 1884-ஆம் ஆண்டில் டொலீடோ நகரக் குழுவுக்காகப் பெரிய லீகில் 42 ஆட்டங்கள். அவ்வளவுதான்.

அவர் கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்று சைகை காட்டுவது கேட்சரின் வேலை. அதைப் பார்த்து எறிவது எதிரே நிற்பவரின் வேலை. அக்காலத்துக் கேட்சருக்கு இன்றைய தடித்த கையுறை ஏது? மெல்லிய தோலுறை, இல்லையேல் வெறுங்கை.

டொலீடோவில் பந்து எறிந்தவர்களில் டோனி முல்லேன் பெயர் பெற்றவர். வாக்கர் கறுப்பர் என்பதால் அவருடைய சைகையை முல்லேன் மதிப்பதில்லை. தம் இஷ்டம்போல் எறிவார். என்ன பந்து வருகிறதென்று அறியாமலே வாக்கர் பிடித்தார்! பிற்காலத்தில் முல்லேனே இதைச் சொன்னார். தாம் சேர்ந்து ஆடிய கேட்சர்களில் வாக்கரே தலைசிறந்தவர் என்றும் சொன்னார்.

1883-இல் சிகாகோ குழுத் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பர் இருந்தால் ஆட மாட்டோம் என்றார். கை நொந்திருந்த வாக்கருக்கு அன்று ஓய்வு தர எண்ணியிருந்த டொலீடோ நிர்வாகி, இதைக் கேட்டதும் அவரை இறக்கியே விட்டார். ஆடாவிட்டால் வசூலில் பங்கில்லை என்றதும் ஆன்சனின் கொள்கை இளகிவிட்டது.

1887-இல் அப்படி நடக்கவில்லை. ஆன்சன் மறுபடியும் மறுத்தார். அப்போது வாக்கர் இருந்த நெவார்க் குழு பணிந்தது. அதே ஜூலை 14 அன்று, இனிக் கறுப்பருக்குப் புது ஒப்பந்தம் இல்லை என்று அந்த லீகின் நிர்வாகிகள் வாக்களித்தார்கள். 1889-இல் வாக்கரும் வெளியேறினார். பெரிய லீகில் ஜாக்கி ராபின்சன் கால் வைத்தது 1947-இல். அதைக் காண வாக்கர் இல்லை, 1924-இலேயே மறைந்துவிட்டார்.

திறமையைக் காட்டினால் வெறுப்பு தானே விலகும் என்று நல்லவர்கள் சொல்வதுண்டு. திறமையை அறியாதவனின் வெறுப்புக்கு அது மருந்தாகலாம். நன்றாக அறிந்தும் வெறுத்த முல்லேனுக்கு என்ன மருந்து? கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்கே போய்விடவேண்டும் என்று வாக்கர் 1908-இல் ஒரு நூல் எழுதினார். அந்த முடிவு எனக்கு உடன்பாடல்ல. ஆனால், எத்தனை பந்துகளைப் பிடித்த கை அதை எழுதியது என்பதை நினைத்தால், வாதாட மனம் வரவில்லை.