கல்கலாவும் அதிர்வியலும்



தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நம் ஊர்களில், ஒரு தலைமுறைக்கு முன்பு ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று ஊரிலே நிலமும் வணிகமும். மற்றொன்று கடல் கடந்த சபர். இன்று மூன்றாவது வழியாகப் பொறியியல் கல்லூரி வந்திருக்கிறது. மத்ரஸாவில் ஓதி வளர்ந்த பிள்ளைகள் இயந்திரவியல் வகுப்பில் போய் அமர்கிறார்கள். அவர்களில் பலரைத் தடுக்கி விழச் செய்யும் பாடம் ஒன்று உண்டு. அதுவே இயந்திர அதிர்வுகள். என் அக்காள் மகனும் அதில்தான் விழுந்தான்.

அவன் ஹாஃபிழ். முப்பது ஜுஸ்உகளையும் சிறுவயதிலேயே மனனம் செய்து முடித்தவன். இந்தப் பாடத்தில் இரண்டாம் முறையும் அரியர் விழுந்தபோது மச்சான் என்னிடம் வந்தார். "மாப்பிள்ளை, இவனுக்கு இந்தப் படிப்பு ஏறாது. துபாயில் ஒரு கடைக்கு ஆள் கேட்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். ஒரு செமஸ்டர் மட்டும் பொறுக்குமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

மருமகனுடைய நோட்டைப் புரட்டியபோது காரணம் விளங்கியது. ஒவ்வொரு சூத்திரத்தின் நிறுவலையும் பத்து முறை எழுதியிருந்தான். ஹிஃப்ழு வகுப்பில் சபக் பாடம் செய்வது போலவே இதையும் செய்திருக்கிறான். ஓர் எழுத்தும் மாறக்கூடாத இறைவசனத்துக்கு மனனம் உரிய வழி. தேர்வுத்தாளில் எண்கள் மட்டுமன்றிக் கேள்வியும் மாறிவிடும். அங்கே மனனம் பாதி வழியில் கைவிட்டுவிடும்.

ஆனால் மனனத்துக்கு அப்பால் வேறொன்றும் அவனுக்கு மத்ரஸாவில் கிடைத்திருந்தது. தஜ்வீதில் 'கல்கலா' என்று ஒரு சட்டம் உண்டு. அச்சொல்லுக்கே அசைவு, அதிர்வு என்று பொருள். காஃப், தா, பா, ஜீம், தால் ஆகிய ஐந்து எழுத்துகள் ஸுகூன் பெற்று நிற்கும்போது, ஒலி தன் மக்ரஜில் அடைபட்டு, பின் சற்றே துள்ளி வெளியேற வேண்டும். இக்லாஸ் அத்தியாயத்தின் நான்கு வசனங்களும் தாலில் முடிவதால், அங்கு நிறுத்தி ஓதும் குழந்தைகூட அந்தத் துள்ளலைப் பழகிவிடும். இச்சட்டத்தை மனனம் செய்து யாரும் கல்கலாவைக் கற்பதில்லை. காதால் கேட்டு, நாவால் உணர்ந்தே கற்கிறார்கள். அதிர்வியலையும் அவன் அப்படிக் கற்கட்டும் என்று எண்ணினேன்.

எங்கள் மத்ரஸாவுக்கு அருகில் ஒரு ரைஸ்மில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்தால் பகல் முழுதும் ஓடும். பல ஆண்டுகளாக நான் கவனித்து வந்த ஒன்றை அவனிடம் கேட்டேன்: "மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது நம் ஜன்னல் மெல்லத்தான் அதிர்கிறது. நிறுத்திய பிறகு, வேகம் குறையும் வேளையில், சில விநாடிகள் தடதடவென்று ஆடிவிட்டு அடங்குகிறது. ஓடும்போது ஆடாதது நிற்கப்போகும்போது ஏன் ஆட வேண்டும்?"

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒத்ததிர்வு, மாமா" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எடையும் வில்போன்ற விறைப்பும் உடைய எப்பொருளுக்கும் ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. விறைப்பு கூடினால் அது கூடும். எடை கூடினால் குறையும். வெளியிலிருந்து வரும் தள்ளுதலும் அதே தாளத்தில் அமைந்துவிட்டால் ஆட்டம் பெருகும். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் இயந்திரம் விநாடிக்கு 25 முறை தள்ளுகிறது. ஜன்னலின் இயற்கை அதிர்வெண் அதைவிடக் குறைவு. ஆகவே வேகம் இறங்கும்போது இயந்திரம் அந்த எண்ணைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் அந்தச் சில விநாடிகளே ஜன்னலின் தடதடப்பு.

அதற்குப் பின் அவனே கேள்விகளைத் தொடுக்கத் தொடங்கினான். இயந்திரத்தை இன்னும் பெரிய போல்ட்டுகளால் தரையோடு இறுக்கினால் அதிர்வு நின்றுவிடும் என்பதே மில்காரரின் எண்ணம். இவன் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினான். இயந்திரத்தைத் தாங்கும் மெத்தை அதன் எடையால் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால், இயற்கை அதிர்வெண் விநாடிக்கு 10 ஆகும். அப்போது தரைக்கு இறங்கும் அதிர்வு விசை சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். மெத்தையை விறைப்பாக்கினால் அதிர்வெண் 25-ஐ நோக்கி ஏறி, கேடு கூடும். இறுக்கிப் பிடிப்பதைவிட அளவோடு இளகியிருப்பதே இங்கு காவல்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இதே பாடத்தைச் சேர்ந்ததுதான். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், சாய்த்தாலும் தானே நிமிர்கிறது; உராய்வு அதன் ஆட்டத்தைச் சிறுகச் சிறுகத் தணிக்கிறது. திருச்சியில் 1888-இல் பிறந்த சர் சி.வி. ராமன், 1920-இல் மிருதங்கத்தின் அதிர்வுகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். தோலின் நடுவே அப்பப்படும் கருஞ்சாந்தின் எடையே அதன் மேலொலிகளை ஒழுங்கான விகிதத்தில் அமைக்கிறது என்று அவர் காட்டினார். நம் மண்ணின் கைவினைஞர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததற்கு அவர் கணக்கு எழுதினார்.

அல்ஹம்துலில்லாஹ், மருமகன் அடுத்த தேர்வில் அப்பாடத்தில் தேறினான். மதிப்பெண் சுமார்தான், வேறொரு பாடத்தில் இன்னும் ஓர் அரியர் இருக்கிறது. பட்டம் முடியும்வரை துபாய்ப் பேச்சை எடுப்பதில்லை என்று மச்சான் ஒப்புக்கொண்டிருக்கிறார். மெத்தை வைப்பதை அடுத்த சம்பாவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று மில்காரர் சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு பாடத்தில் தோற்றால், படிப்பே ஏறாது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அவன் எப்படிப் படிக்கிறான் என்று அவனுடைய நோட்டைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும், அன்றாடம் கண்ணில் படும் ஒன்றைக் காட்டி "இது ஏன் இப்படி?" என்று கேட்க முடியும். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அதிகப்படுத்தித் தருவானாக. ஆமீன்.