பிரியும் சுருளும்

வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்க உத்தேசம், எதை வாங்கலாம் என்று அபிப்பிராயம் கேட்டு என் களத்துக்கு வருகிறவர்களிடம், டிராக்டர் எத்தனை குதிரைத்திறன், நிலம் எத்தனை காணி என்பதையெல்லாம் பிற்பாடு விசாரித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, உங்கள் வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவர் யார் என்பதையே முதலில் கேட்கிறேன். பலர் இதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேதராப்பட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வருஷமாக வாடகைக்குக் கட்டுப் போட்டுவரும் எனக்கே, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் யோசனை மாட்டுத் தொட்டியிலிருந்து ஆரம்பித்து வயலை நோக்கிப் போகவேண்டியது என்கிற விஷயம், கொஞ்சம் காசைத் தொலைத்த பிறகுதான் விளங்கிற்று.

எங்கள் பக்கத்துப் பூகோளம் விசித்திரமானது. புதுவை ஆட்சிப் பகுதியும் தமிழ்நாட்டின் வானூர் வட்டமும் இங்கே துண்டு துண்டாகக் கோத்துக் கிடப்பதால், காலையில் ஒரு சர்க்காரின் எல்லையில் கட்ட ஆரம்பித்த இயந்திரம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இன்னொரு சர்க்காரின் வயலில் இறங்கியிருக்கும். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வழக்கப்படி பத்திரத்தில் நிலம் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதப்பட்டிருக்க, பேச்சில் மட்டும் குழியும் காணியுமாகவே வழங்குகிறது. 100 குழி ஒரு காணி, ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 1.32. அந்தக் காணியும் அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி நாற்பது குழி, இருபத்தைந்து குழி என்று வரப்புகளால் அறுபட்டுக் கிடக்கிறது. ஊசுட்டேரி ஒரு பக்கம், பிப்டிக் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் ஒரு பக்கம். அறுவடைக்கு இயந்திரம் வந்ததற்கு அந்தக் கூரைகளும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது. கருக்கரிவாள் பிடித்திருக்கவேண்டிய கைகள் மாதச் சம்பளத்துக்குக் கம்பெனி வாசலில் நிற்கின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் தங்கை மகனும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

கை அறுப்புக் காலத்தில் வைக்கோலுக்கு அடியும் நுனியும் இருந்தன. களத்தில் அடித்துப்போட்ட தாளை உதறி எடுத்து, அதிலேயே இரண்டு பிடி வைக்கோலை முறுக்கிப் பிரி திரித்து, அதைத் தரையில் நீளக் கிடத்தி, மேலே சுமையை அடுக்கி, முழங்காலால் அழுத்திக்கொண்டு, பிரியின் இரு நுனிகளையும் இழுத்து ஒன்றோடொன்று முறுக்கி, முறுக்கிய கொண்டையைக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டு என் பெரியம்மா எழுந்திருப்பதைச் சிறுவயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். முடிச்சு என்பதே கிடையாது. விரிந்துகொள்ளப் பார்க்கிற வைக்கோலின் நெருக்குதலே பிரியை இறுகப் பிடித்துக்கொள்ளும். செருகலை உருவினால் கட்டு அவிழும். பிரியும் மாட்டின் வாய்க்குப் போய்ச் சேரும்.

அறுவடை இயந்திரம் நெல்லை வாங்கிக்கொண்டு வைக்கோலைப் பின்னால் சாலாகத் தள்ளிவிட்டுப் போகிறது. தாள் நொறுங்கியும் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கியும் கிடப்பதால் அது பிரி திரிக்க உதவாது. கையால் அள்ளிக் கட்டினால் ஆளின் கூலிக்குக்கூட வைக்கோல் பெறாது. கொளுத்தினவர்களும் உண்டு. ஆகையால் அறுத்த இயந்திரத்தின் பின்னாலேயே கட்டும் இயந்திரமும் வரவேண்டியதாயிற்று.

அதில் இரண்டு ஜாதி. சதுரக் கட்டு என்று நாங்கள் சொல்லும் செங்கல் வடிவக் கட்டைப் போடுவது ஒன்று. சுருட்டி உருளையாகப் போடுவது மற்றொன்று. முன்னது நிற்காமல் ஓடும், கட்டு லாரியில் இடைவெளியின்றி அடுக்கும். ஆனால் அதன் உயிர் முடிச்சுப் போடும் பொறியில் இருக்கிறது. இரும்பு அலகு ஒன்று சுழன்று, கயிற்றை வளைத்து, பிடித்து, அறுத்து, கண்ணிமைப்பதற்குள் முடிச்சிடுகிறது. அது சற்றே தேய்ந்தாலும், கயிறு கொஞ்சம் தடித்தாலும், வயலெங்கும் அவிழ்ந்த கட்டுகள் கிடக்கும். உருளை இயந்திரமோ வைக்கோல் சாலை முள்ளால் வாரி அறைக்குள் விட்டு, சங்கிலியாலோ உருளைகளாலோ சுழற்றி, அறை நிறைந்ததும் நின்று, கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, கத்தியால் நறுக்கி, பின் கதவைத் திறந்து கட்டை இறக்கிவிடுகிறது. நுனியை யாரும் முடிவதில்லை. வைக்கோலின் விம்மலே கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. பெரியம்மாவின் பிரியை இரும்பில் செய்த மாதிரி எனக்குத் தோன்றியதும், நான் சதுரத்தை விட்டுச் சுருளுக்கு வந்ததற்கு ஒரு காரணம். பட்டறைக்காரர் யாரும் இதை ஒரு நியாயமாக ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்தச் சுருளின் பூர்வோத்தரம் அமெரிக்காவில் இருக்கிறது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த உம்மோ லூபன் என்பவர் 1910இல் உருளைக் கட்டு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த யோசனையை அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி 1947இல் ‘ரோட்டோ-பேலர்’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அயோவாவின் பெல்லா ஊரில் கேரி வெர்மீர், புல் கட்டித் தூக்கும் பாட்டுக்குப் பயந்தே நண்பர் ஒருவர் மாடு வளர்ப்பதை விட்டுவிடப் பார்த்ததைக் கண்டு, 1971இல் ஒரு டன் கட்டுப் போடும் பெரிய இயந்திரத்தைச் செய்தார். கட்டைத் தூக்குவது கஷ்டம் என்றால், தூக்கவே முடியாதபடி பெரிதாக்கி டிராக்டரிடம் விட்டுவிடுவது அவர் கண்ட பரிகாரம். பரந்த புல்வெளிக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் அது பொருந்தும். இருபத்தைந்து குழிக்குள் அந்த இயந்திரத்தைத் திருப்புவதற்கே அண்டை வயல்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். சிறு வயல்களின் தேசமான ஜப்பானில் செய்யப்படும் சின்ன உருளை இயந்திரங்களும், அவற்றை ஒட்டி நம் நாட்டில் விற்கப்படுபவையுமே நமக்கு ஆகிவந்தவை. இயந்திரத்துக்குச் சுழற்சி தருகிற டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்ற, இரண்டடி விட்டமும் மூன்றடி நீளமுமாக, தலைச்சுமைக்கு அடங்கின கட்டு ஒன்று வந்து விழும்.

தலைச்சுமை என்றேனே, அதில்தான் நான் சறுக்கினேன். சுருளுக்கு வந்தபோது முதலில் வாங்கின பழைய இயந்திரம் சற்றுப் பெரியது. கட்டின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிற அதன் சுருள்வில்லையும் இறுக்கி, முப்பது கிலோவுக்கு மேலே நிற்கிற கட்டுகளாகப் போட்டு, கயிறு மிச்சம், ஏற்றுகூலி மிச்சம், கேரளத்துக்கு ஏற்றுகிற லாரிக்காரனுக்கும் திருப்தி என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வீட்டுக்கும் அதே கட்டைக் கொண்டுபோய் உருட்டிவிட்டேன்.

“இன்னாடா தம்பி இது, உரலு மாதிரி உருட்டிக்கினு வந்து வச்சிருக்க? இத யாரு தூக்கறது? உன் டிராக்டரு எம் மாட்டுக் கொட்டாயிக்குள்ள வருமா?”

“ஒருத்தர் கை குடுத்தா ஏத்திடலாம் பெரிம்மா.”

“கை குடுக்க ஆளு இருந்தா நான் ஏன்டா மிசினு வைக்கோலு வாங்கறேன்?”

பதில் சொல்ல வகையில்லாமல் வீடு வந்தேன். அடுத்த பட்டத்தில் அந்த இயந்திரத்தை விற்றுவிட்டு, பதினெட்டு, இருபது கிலோக் கட்டுப் போடும் சிறியதை வாங்கினேன்.

சிறியதிலும் உருளை அறை, சங்கிலி அறை என்று இருவகை உண்டு. சங்கிலியில் குறுக்குக் கம்பிகள் கோத்த அறை சத்தம் போடும், எண்ணெய் குடிக்கும், தேயும். ஆனால் நவரை அறுப்பில் வெயிலில் காய்ந்து வழுக்குகிற வைக்கோலை அது முரட்டுத்தனமாகப் பற்றிச் சுழற்றுவதுபோல் வழுவழுப்பான உருளைகள் சுழற்றுவதில்லை. நான் சங்கிலிக்காரன். இந்த அறையில் கட்டின் நடு சற்றே தொளதொளவென்று அமையும். அதைக் குறையாகச் சொல்லி, நடுவிலிருந்தே இறுக்கிக்கொண்டு வருகிற பட்டை இயந்திரத்தைப் புகழ்கிறவர்கள் உண்டு. தை மாதப் பனியில் கட்டிப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ஈரம் 15 சதவீதத்தை வெகுவாகத் தாண்டின வைக்கோல் இறுகக் கட்டப்பட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். தொளதொளத்த நடு சிறிது மூச்சு விடுகிறது. யூரியா ஊட்டுகிறவர்களுக்கும் சுருளே சௌகரியம்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து 21 நாள் காற்றுப் புகாமல் மூடிவைப்பதற்கு, பாய்போல் விரிகிற வைக்கோல் அடுக்கடுக்காக நனையும்.

கயிற்றைப் பற்றி இயந்திரம் விற்கிறவர் பேசுவதேயில்லை. பிளாஸ்டிக் கயிறு மலிவு, அறுவதில்லை, எலி தொடாது. என் தொழுவத்தில் கிடாரி ஒன்று இரண்டு நாள் அசைபோடாமல் நின்று, கடைசியில் அதன் வயிற்றிலிருந்து அந்தக் கயிற்றின் உருண்டை வெளியே வந்ததைப் பார்த்தபின், வீட்டு மாட்டுக்குப் போகிற கட்டுக்கெல்லாம் சணலே சுற்றுகிறேன். அதற்குக் கூடுதல் காசு கேட்பேன்.

மக்காச்சோளத் தட்டையையும் கட்டித் தரச்சொல்லி ஒருவர் அழைத்தார். ஆசைக்குப் போனேன். மூங்கில் கழிபோல நிற்கிற தட்டை சுருள மறுத்தது. வாரும் முட்கள் வளைந்தன. பாரம் மிஞ்சினால் தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றும் போல்ட்டு ஒரே நாளில் மூன்று முறை உடைந்தது. வந்த கட்டுகளும் முள்ளம்பன்றி மாதிரி குத்திக்கொண்டு நின்றன. மேலே காய்ந்த தட்டைக்கு உள்ளே சோறு ஈரமாயிருந்தது வேறு. முதலில் அதை நசுக்கித் துண்டாக்கிக் காயப்போட வேண்டும். அதற்கு வேறு இயந்திரம். அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி ஒன்று, ஓட்டுகிறவனின் மனச்சாட்சியைப் பற்றியது. எங்கள் கூலி கட்டுக்கு இவ்வளவு என்பது. சுருள்வில்லை ஒரு மரை தளர்த்தினால் அதே வயலில் ஐந்தாறு கட்டுக் கூடுதலாக விழும். சாலின் ஒரு பக்கமாகவே ஓட்டிப்போனால் கட்டு ஒருபுறம் பருத்து மறுபுறம் ஒடுங்கி, எடை குறைந்தும் எண்ணிக்கையில் சேரும். வயல்காரருக்கு எண்ணத் தெரியுமேயன்றித் தூக்கிப் பார்த்து எடை சொல்லத் தெரியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம். சாலை இருபுறமும் சமமாக வாங்கும்படி டிராக்டரைச் சற்று வளைத்து வளைத்து ஓட்டுவது சிரமமான காரியந்தான்.

போன சம்பாவில் பெரியம்மாவின் காணிக்குக் கட்டுப் போடப் போனேன். பனி இறங்கியிருந்தபடியால் பத்தரை மணி வரை இயந்திரத்தை இறக்கவில்லை. சாலின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிரி முறுக்கிப் பார்த்து, வாடின கீரைத்தண்டு மாதிரி துவண்டால் காத்திருந்து, முறுக்கும்போது நொறுநொறுவென்று முறிகிற பதம் வந்த பிறகே தொடங்கினேன். 64 கட்டுக்குக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். பங்குனி கடந்து ஒருநாள் கொட்டாய்ப் பக்கம் போனபோது, தூணில் அடித்த ஆணியில் சணல் கயிறுகள் சரம் சரமாகத் தொங்கின. கன்றுக்குத் தும்புக்கு ஆகட்டும் என்று வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“கடைசிக் கட்டும் நேத்தோட தீந்துபோச்சுடா தம்பி” என்றாள் பெரியம்மா. “ஒரு கட்டுக்கு ஒரு கயிறுதான?”

“ஆமாம் பெரிம்மா.”

“அறுபத்திரண்டுதான் இருக்குது. நல்லா எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தேன். இரண்டு கட்டுக்கான காசை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.