அதே பாறை, அதே கோணம்

வேலந்தாவளத்தில் இருக்கும் நமக்குக் கடல் தூரம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி நீருக்கடியில் நடப்பதைப் படம் பார்த்துத்தான் அறிகிறோம். அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கியே போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்கூபா முக்குளிப்பில் எடுக்கும் ஓர் அழகான படத்தைவிட, ஒரே பாறையை ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் எடுக்கும் சாதாரணப் படம் மேல். குருசடைத் தீவருகே கப்பாபைகஸ் என்ற அயல் பாசி பவளத்தின்மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து வெயிலை மறைத்தது. அழகைத் தேடும் கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. ஆழம் கூடக்கூடச் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும் என்பதால், விளக்கில்லாமல் எடுத்த நீலப் படத்தை வைத்துப் பவளத்தின் நிறத்தைக் கணிப்பதும் கடினம்.

ஆட்கள் இறங்கினாலே பவளம் உடையும் என்பார்கள். நியாயமான பயம்தான், கிளைப்பவளம் துடுப்பின் ஓர் உதையில் முறிந்துவிடும். 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் இடத்தில் சுற்றுலாக் கூட்டம் வேண்டவே வேண்டாம். ஆனால் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலடியை அறிந்தவர்கள். பயிற்சியும் கேமராவும் முறையான கூலியும் கொடுத்து, ஆராய்ச்சியாளர்களோடு அவர்களை இறக்கலாமே.