திரும்ப வந்த சீனப் பையன்!

ஸ்நூக்கர்னா நம்மில் பாதிப் பேர் சேனலை மாத்திடுவோம். ஆனா இந்தக் கதையைக் கேளுங்க பாஸ். 2023-ல் ஃபிக்ஸிங் விவகாரத்தில் தடை வாங்கிய பத்து சீன வீரர்களில் ஜாவ் ஷின்டோங்கும் ஒருவர். அவர் காசுக்குத் தோற்கவில்லை. பந்தயம் கட்டினார், சக வீரரின் தில்லுமுல்லுக்கு உடந்தையா இருந்தார். 20 மாதம் அவுட்!

2024 செப்டம்பரில் திரும்பினப்போ அவர் வெறும் அமெச்சூர். நாலு தகுதிச் சுற்று தாண்டித்தான் ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்குக்கே வந்தார். செமி ஃபைனலில் ஓ'சல்லிவனை 17-7. அம்மாடி! ஃபைனலில் 50 வயசு மார்க் வில்லியம்ஸை 18-12. 2025 மே மாசம், ஆசியாவுக்கு முதல் புரொஃபஷனல் உலகப் பட்டம்.

‘ஏமாத்தினவனுக்குக் கப்பா?’னு ரூம்மேட் கத்துறான். தண்டனையை முழுசா அனுபவிச்சவனை இன்னும் வாசல்லயே நிக்க வைக்கணுமாங்கிறது என் கட்சி. 20 மாசம் போதுமாங்கிற சண்டை மட்டும் இன்னும் ஓயல. நீங்க யார் பக்கம்?