பந்தலின் படைப்பாளிகள் யார்?

துர்கா பூஜைக்கு மூன்று நான்கு மாதங்கள் இருக்கும்போதே கொல்கத்தாவின் தெருமுனைகளில் மூங்கில் லாரி லாரியாக வந்து இறங்கத் தொடங்கிவிடுகிறது. பந்தக்கால் நட்டுப் பூஜை போடுகிறார்கள். அன்றிலிருந்து மழைக்காலம் முழுக்கக் கட்டுமானம்தான். சஷ்டி முதல் தசமி வரை ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. பிறகு எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். சாமியை வைப்பதற்கு ஒரு நிழல் என்ற நிலையைப் பந்தல் அங்கே கடந்து வெகுகாலமாகிறது. ஏதேனும் ஒரு கருவை எடுத்துக்கொண்டு, நுழைவாயில் தொடங்கி அம்மன் நிற்கும் இடம் வரை நடைவழி, வெளிச்சம், ஒலி, சுவரின் தோல் என்று அத்தனையையும் அதற்கு இசைவாக அமைக்கிறார்கள். அருங்காட்சியகம் எதற்குள்ளும் அடங்காத அளவில் எழும் நிறுவல் கலைப் படைப்புகள் இவை. வாசலில் பெரிய பலகை இருக்கும். அதில் கலைஞரின் பெயர், கமிட்டிக்காரர்களின் பெயர்கள், பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயர்கள் எல்லாம் உண்டு. கட்டியவர்கள் பெரும்பாலும் அந்தப் பலகைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். குமார்டுலிச் சிலைப் பட்டறைகளிலும் பந்தல் எழும் தெருக்களிலும் வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: மூங்கில் கட்டுபவரும் துணி மடிப்பவரும் விளக்கு அமைப்பவரும் இன்னொருவர் நினைத்ததை நிறைவேற்றித் தருபவர்கள் என்று சொல்வது உண்மைக்கு மாறானது. பந்தலின் வடிவத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தாம். படைப்பில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

மூங்கிலிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் தொங்குகின்றன. மேதினிப்பூர், நதியா, தெற்கு 24 பர்கானா போன்ற மாவட்டங்களிலிருந்து குழுக்களாக வந்து சேர்கிறார்கள் மூங்கில்காரர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தலைவராக ஒரு சர்தார். அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் கலைஞரின் ஓவியமோ சிறிய மாதிரி உருவமோதான். அதில் பந்தலின் முகம் இருக்கும், எலும்புக்கூடு இருக்காது. தெரு எத்தனை அடி அகலம், மேலே மின்கம்பி எங்கே போகிறது, எந்த வீட்டு பால்கனி நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த மரத்தின் கிளையை வெட்டக் கூடாது, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு வழி விடவேண்டும் என்பதையெல்லாம் தரையில் நின்று கண்ணால் அளந்து, கால் ஊன்றும் இடங்களை சர்தார் முடிவு செய்கிறார். கனமான, சுவர் தடித்த மூங்கில் நிற்கும் கால்களுக்கு, மெலிந்தது குறுக்குக்கழிகளுக்கு. வளைவு வேண்டிய இடத்தில் மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக்கி வளைக்கிறார்கள். முடிச்சு எல்லாம் கயிற்றில். நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஏறி, முடிச்சு முடிச்சாகத் தட்டிப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டியிருக்கிறது. துணி போர்த்திய பந்தல் காற்றை முழுதாக வாங்கும் என்பதால், எங்கே சாய்வுக்கழி கொடுப்பது, எங்கே காற்று வெளியேற இடைவெளி விடுவது என்பதும் இவர்கள் கணக்குத்தான். இந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை. ஓவியத்தில் நேராக இருந்த சுவர் தெருவில் சற்றே உள்வாங்கி நிற்பதற்கும், கோபுரம் நினைத்ததைவிடக் குறுகி உயர்வதற்கும் பல சமயம் காரணம் மூங்கில்காரர் எடுத்த முடிவு. அந்தச் சாய்வையும் உயரத்தையும் பார்த்துத்தான் கூட்டம் வியக்கிறது. வியப்பைத் தந்த முடிவை எடுத்தவருக்கு அதில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

குமார்டுலியில் இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. வடக்குக் கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டிய இந்தக் குயவர் பேட்டைக்கு, 18ஆம் நூற்றாண்டிலிருந்து கிருஷ்ணநகர் பக்கமிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல்கயிற்றால் இறுக்கிக் கட்டி முதலில் உடலை உருவாக்குகிறார்கள். உமி கலந்த ஒட்டும் களிமண் முதல் பூச்சு. அது காய்ந்து வெடித்தபின் நுண்ணிய மண்ணால் இரண்டாம் பூச்சு. வெடிப்புகளின்மேல் மண்குழம்பில் தோய்த்த துணி. முகம் தனியாக அச்சில் எடுக்கப்படுகிறது. விரல்களையும் தனியே செய்து பொருத்துகிறார்கள். வெள்ளைப் பூச்சுக்குப் பிறகு புளியங்கொட்டைப் பசை கலந்த வண்ணம். கடைசியில் கண். கண் எழுதுவது பட்டறையின் மூத்தவர். வைக்கோல் கட்டுபவர் பருவத்துக்கு மட்டும் கூலிக்கு வரும் ஆள். ஆனால் அம்மன் எப்படி நிற்கிறாள், இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, சூலம் பிடித்த கை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதெல்லாம் வைக்கோலிலேயே முடிவாகிவிடுகின்றன. மண்ணால் அதைச் சற்றுத் திருத்தலாமே தவிர மாற்ற முடியாது. அம்மனின் வெண்ணிற அலங்காரத்துக்கு நெட்டி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், தஞ்சாவூர் நெட்டிக் கைவினையை அறிந்தவர்களுக்கு அந்தப் பொறுமையை விளக்கத் தேவையில்லை. தெருவை மூடும் மின்விளக்குச் சித்திரங்களுக்குச் சந்தன்நகர்க்காரர்கள். ஆக, ஒரே அம்மனின் முன் நிற்கும்போது நான்கைந்து ஊர்களின் தேர்ச்சியை ஒருசேரப் பார்க்கிறோம்.

கைவினைஞருக்கும் கலைஞருக்கும் நடுவே இருப்பதாகச் சொல்லப்படும் கோடு எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை என்பதற்கு இந்தப் பேட்டையின் வரலாறே சாட்சி. 1924இல் லண்டன் வெம்பிளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்குப் போய், பார்வையாளர் முன்னிலையில் களிமண்ணில் உருவங்கள் செய்து காட்டியவர் கோபேஷ்வர் பால். திரும்பி வந்தவர், துர்கையும் பிள்ளைகளும் ஒரே வளைவுப் பலகைக்குள் அடங்கி நின்ற பழைய அமைப்பை உடைத்து, உருவங்களைத் தனித்தனியே நிற்கவைத்தார். அதன்பின் அவர் குயவர் என்று மட்டும் அறியப்படவில்லை. சிற்பி என்று அறியப்பட்டார். தந்தைக்குப்பின் பட்டறையை ஏற்று நடத்தி, ஆண்கள் கோலோச்சிய தொழிலில் தன் பெயரை நிலைநாட்டிய சைனா பாலின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பெயர் கிடைத்தபோது வேலைக்கு விலையும் கிடைத்தது, வாடிக்கையாளர்கள் பெயரைத் தேடி வந்தார்கள். பட்டறை உரிமையாளருக்கு ஒரு காலத்தில் நேர்ந்த இந்த மாற்றம் வைக்கோல் கட்டுபவருக்கும் மூங்கில் கட்டுபவருக்கும் நேரக்கூடாது என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கை எத்தனை இருந்தாலும் கரு ஒருவருடையது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1985இல் ஒரு பெயின்ட் கம்பெனி சிறந்த பூஜைகளுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது. ரசனைக்குப் போட்டி வந்தது. அதுவரை புகழ்பெற்ற கோயில்களையும் மாளிகைகளையும் நகலெடுத்துக்கொண்டிருந்த பந்தல்கள் மெல்ல மாறின. 2001இல் போஸ்புகூர் சீதளா மந்திர் பந்தலை பந்தன் ராஹா தேநீர் குடிக்கும் மண்குவளைகளால் போர்த்தியபோது நகரம் அதிர்ந்துபோனது. சனாதன் திந்தா, பபதோஷ் சுதார் போன்ற கலைஞர்கள் கலைக்கல்லூரிப் பயிற்சியோடு தெருவுக்கு வந்தார்கள். அதே மூங்கில், அதே கைகள், ஆனால் முற்றிலும் வேறு அனுபவம். கலைஞர் இல்லாமல் இது நடந்திருக்காது. நான் கலைஞரின் இடத்தைக் குறைக்கவில்லை. ஆனால் குவளை உதாரணத்தையே சற்று ஆழ்ந்து யோசித்துப் பாருங்கள். மண்குவளையால் போர்த்துவோம் என்பது கரு. உருண்டையான, எளிதில் உடையும் ஆயிரக்கணக்கான பொருள்களை வளைந்த பரப்பில் எப்படி நிறுத்துவது, அத்தனை எடையைச் சட்டம் எப்படித் தாங்கும், மழையில் எது விழும் என்ற கேள்விகளுக்கு விடை காணாதவரை அந்தக் கரு ஒரு ஆசைதான். இத்தகைய பந்தல்களில் விடை பல முறை சோதித்து, பல முறை அவிழ்த்துக் கட்டிக் கண்டடையப்படுகிறது. அந்தச் சோதனையில் கரு மாறுகிறது, சில வேளை மேம்படுகிறது. நினைத்தது கைக்கு வரும்போது மாறுவதைத்தான் எல்லாக் கலையிலும் படைப்பு என்கிறோம்.

கட்டடத்தில் கொத்தனார் பெயரை எழுதுகிறோமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது. கட்டடத்துக்கு அளவு குறித்த வரைபடங்கள் உண்டு. இந்தக் கொத்தனார் போனால் அதே வரைபடத்தை வைத்து இன்னொருவர் கட்டிவிடலாம். இப்போது சில கலைஞர்கள் கணினியில் முழு மாதிரி செய்கிறார்கள், இரும்புச் சட்டமும் அதிகமாகிவருகிறது. அங்கே இந்த எதிர்வாதத்துக்குக் கொஞ்சம் வலு கூடும். ஆனால் பந்தலுக்குத் தசமிக்குப் பிறகு நடப்பதைப் பார்த்தால் உண்மை தெளிவாகிறது. பெயர்பெற்ற பந்தல்கள் பலவும் அழிக்கப்படுவதில்லை, விற்கப்படுகின்றன. அடுத்த சில வாரங்களில் வரும் காளி பூஜைக்கும் ஜகத்தாத்ரி பூஜைக்கும் மாவட்டங்களிலிருந்து வந்து வாங்கிப்போகிறார்கள். பந்தல் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு லாரி ஏறி, வேறொரு ஊரில், வேறு அகலமுள்ள மைதானத்தில் மறுபடி எழுகிறது. கலைஞர் எல்லா இடத்துக்கும் கூடப் போவதில்லை. எந்தத் துண்டு எதற்குப் பின்னால், எந்த முடிச்சு முதலில், புதிய இடத்தில் எதைக் குறைத்தால் தோற்றம் கெடாது என்ற அறிவு கட்டியவர்களோடு பயணம் செய்கிறது. ஒரு படைப்பை அதன் இடம் மாறியபின்னும் அதுவாகவே மீட்டெடுக்கக் கூடியவர் யாரோ, அவர் அந்தப் படைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர். பங்கை நிரூபிக்க இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயர் சோறு போடுமா, கூலியை உயர்த்துவதுதானே முதல் வேலை என்பது இடதுசாரி நண்பர்கள் வைக்கும் கேள்வி. மதிக்கத்தக்க கேள்வி. 2019ஆம் ஆண்டுப் பூஜையை ஆராய்ந்து பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்ட அறிக்கை, அதைச் சுற்றிய பொருளாதாரத்தை 32,377 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் சில்லறை வியாபாரம் மட்டுமே 27,364 கோடி. பந்தல், நிறுவல், அலங்காரம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 860 கோடி, அதாவது மொத்தத்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்களைத் தெருவுக்கு இழுத்து வருவது பந்தல். பணம் தங்குவது கடைகளில். அந்த 860 கோடியும் கமிட்டியிடமிருந்து கலைஞருக்கோ காண்ட்ராக்டருக்கோ, அவரிடமிருந்து சர்தாருக்கு, சர்தாரிடமிருந்து ஆட்களுக்கு என்று கைமாறிக் கைமாறித்தான் இறங்குகிறது. பாதுகாப்புப் பட்டையின்றி உயரத்தில் ஏறி நிற்பவரிடம் வந்து சேர்வது சங்கிலியின் கடைசிக் கண்ணி. இந்தச் சங்கிலியில் பேரம் பேச ஒருவருக்குத் தேவையானது தான் முன்பு கட்டியது எது என்று காட்டும் சான்று. பெயர் இல்லாத குழு, சென்ற ஆண்டு விருது வாங்கிய பந்தலைக் கட்டியது நாங்கள்தான் என்று அடுத்த கமிட்டியிடம் எதைக் காட்டிச் சொல்லும்? கலைஞரின் கட்டணம் ஏறுவது பெயரால்தான் என்றால், மூங்கில்காரரின் கூலிக்கும் அதே வழி திறக்க வேண்டும். கூலியும் பெயரும் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரியங்களாக எனக்குப் படவில்லை.

2020இல் பேஹாலாவின் பரிஷா கிளப்பில் ரிந்து தாஸின் கருத்தாக்கத்தில், பல்லப் பௌமிக் வடித்த துர்கை, பொதுமுடக்கத்தில் பிள்ளைகளோடு ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளியாக நின்றாள். சமீப காலத்தில் இந்தியப் பொதுக்கலையில் எழுந்த மிகச் சிறந்த உருவங்களில் ஒன்று அது என்பேன். பந்தல்களைக் கட்டுபவர்களும் ஊர் விட்டு ஊர் வந்து, தெருவோரத்தில் தங்கி, தசமிக்குப்பின் திரும்பிப்போகும் புலம்பெயர் தொழிலாளிகள்தாம். அவர்களைப் பற்றிக் கலை பேசிவிட்டது. அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

நூறு பேர் வேலை செய்த இடத்தில் யார் பெயரைத்தான் எழுதுவது என்பது நடைமுறை சார்ந்த தயக்கம். சினிமாவின் முடிவில் லைட்மேன் வரை பெயர் ஓடுகிறது, யாரும் குழம்புவதில்லை. நம் ஊர்த் திருவிழா நோட்டீசில் ஒலி, ஒளி அமைத்தவர் யார், பந்தல் போட்டவர் யார் என்று அச்சிடுவது எவ்வளவோ காலமாக இருக்கும் பழக்கம். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், கூட்டாக இயங்கும் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் செழிக்கும் களம் என்ற பொருளிலேயே அதை விவரித்தது. அந்தக் கூட்டில் யார் யார் என்பதைச் சொல்லும் பொறுப்பு கமிட்டிகளுடையது. விருது கொடுப்பவர்கள், குழுவின் சர்தார், துணிக்காரர், விளக்குக்காரர், சிலைப் பட்டறையின் ஆட்கள் ஆகியோரின் பெயரும் ஊரும் வாசற்பலகையில் இல்லாத பந்தலைப் போட்டிக்கு ஏற்பதில்லை என்று ஒரு விதி செய்தால் ஓராண்டிலேயே இந்த வழக்கம் பரவிவிடும். பந்தலை மறுவிற்பனை செய்யும்போது வரும் பணத்தில் கட்டியவர்களுக்கு ஒரு பங்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவதும் கடினமில்லை. அடுத்த பூஜைக்குக் கொல்கத்தா போகிறவர்கள் பந்தல் வாசலில் கமிட்டிக்காரர்களிடம் இதைக் கட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். கலைஞரின் பெயரைச் சொன்னால், மூங்கில் கட்டியவர் யார் என்று இன்னொரு முறை கேளுங்கள்.